அண்ணன் கடைக்குள் தம்பி சாமான்

பிரதாப் கேட்டது ஒரே ஒரு வரைபடம். வந்து இறங்கியவர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேர்.

திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நிறுத்தலாமா என்று யோசித்தான். நிறுத்துவதற்கும் ஒரு விரலைத் தூக்க வேண்டுமே என்ற அலுப்பில் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். யாரோ எங்கோ எழுதிய நிரல் துண்டைப் பொட்டலமாகக் கட்டிவைத்து, கேட்டவருக்கெல்லாம் சும்மா கொடுப்பது அந்தத் தொழிலின் வழக்கம். பேக்கேஜ் என்பார்கள். ஆனால் எந்தப் பேக்கேஜும் தனியாக வராது. தாய்மாமனை மட்டும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் அவர் தன் லயத்து வீட்டு வரிசையையே லொறியில் ஏற்றிக்கொண்டு வருவதில்லையா, அது மாதிரி. வரைபடம் தன் பெரியப்பா மகனைக் கூட்டி வந்தது. அவன் மச்சினனைக் கூட்டி வந்தான். மச்சினன் ஆட்டுக்குட்டியோடு வந்தான்.

கீழே கடையிலிருந்து குரல் வந்தது.

"பிரதாப்பு! பில்லு வரமாட்டேங்குது!"

ஆட்டுக்குட்டிக்கும் இடம் கொடுத்ததில் கம்ப்யூட்டரின் வயிறு நிறைந்துவிட்டது. கீழே சீமெந்துக்கும் கூரைத் தகரத்துக்கும் பில் போடுவதும் அதே கம்ப்யூட்டர்தான்.

ஹட்டன் பிரதான வீதியில் அந்தக் கட்டடத்தைத் தெரியாதவர் இல்லை. நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் சண்முகராஜா ஹார்ட்வெயார், அந்தப் பக்கம் யோகராஜா ஹார்ட்வெயார். அண்ணனும் தம்பியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கேட்டால் அண்ணன் ஒன்று சொல்வார், தம்பி ஒன்று சொல்வார், கேட்டவர் மூன்றாவதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். மாரியம்மன் தேருக்கு அண்ணன் இடது வடம், தம்பி வலது வடம். ஊரும் சேர்ந்து இழுத்ததால் தேர் நேராகப் போனது. சண்முகராஜா முதலாளி அந்தச் சண்டைக்குப் பிறகு யாரையுமே 'தம்பி' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

தேயிலைத் தோட்டங்களெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கத் தொடங்கியதும், கடைக்கு மேல்மாடியில் அண்ணன் ஒரு சாஃப்ட்வெயார் பிரிவு திறந்தார். மறுவாரமே தம்பியும் திறந்தார். அண்ணன் பக்கத்துக்குப் பிரதாப் பி.எச்.பி. என்ற மொழியில் எழுதினான். தம்பி பக்கத்துக்கு டிலானி என்ற பெண் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதினாள். ஒவ்வொரு மொழிக்கும் பேக்கேஜ்களைக் கூப்பிட்டுப் பெயர் பதிந்து உள்ளே விடும் கண்டாக்கு ஒருவர் உண்டு. பி.எச்.பி.யின் கண்டாக்குக்குப் பெயர் கம்போசர். ஜாவாஸ்கிரிப்ட்டின் கண்டாக்குக்குப் பெயர் என்.பி.எம். ஒரு தோட்டத்துக் கண்டாக்கு அடுத்த தோட்டத்து ஆளைத் தன் பெரட்டில், காலையில் ஆள் எண்ணும் வரிசையில், நிறுத்த மாட்டார் அல்லவா, இவர்களும் அப்படித்தான்.

பிரதாப் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது பிரதாப்பு. ஆனா என் எதிரி என்னா சாமான் விக்கிறான்னு தெரியும். அந்த ஜாவாஸ்கிரிப்ட்டு ஒரு துண்டு நம்ம வாசப்படி ஏறுச்சுன்னா, ஏத்துன ஆளு அன்னைக்கே இறங்கிறணும்."

இறங்குவது என்றால் கொழும்புக்கு இறங்குவது. பிரதாப் அங்கே பல வருடம் இருந்தவன். வெள்ளவத்தையில் ஓர் அறை, ஐந்து பேர், ஒரு மின்விசிறி. மின்விசிறி யார் பக்கம் திரும்பியதோ அவன் தூங்குவான். மனைவி சர்மிளா மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறி வந்து, துணி துவைத்துக்கொண்டு திரும்பிப் போவான். இப்போதுதான் அவளுக்கு ஹட்டனுக்குப் பக்கத்தில் டிக்கோயாவுக்கு இடமாற்றம் கிடைத்து, இவனுக்கு ஹட்டனில் இந்த வேலையும் கிடைத்து, இரண்டு பேரும் ஒரே வீட்டில் கோபித்துக்கொள்ள முடிகிறது. ஹட்டனில் நிரல் எழுதும் வேலை இன்னொன்று இருந்தது. அது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அப்படிப்பட்டவன் ஜாவாஸ்கிரிப்ட்டைத் தொடலாமா? தொடக்கூடாதுதான். ஆனால் திம்புள்ளப் பக்கம் குயில்மலைத் தோட்டத்து மேனேஜரான பெரிய துரை ஒரு வரைபடம் கேட்டார். எந்த மலையில் எப்போது கொழுந்து எடுத்தார்கள், அடுத்து எந்த மலை, எல்லாம் நிறம் நிறமாகத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை நேரில் வந்து காட்ட வேண்டும். அந்த மாதிரி வரைபடமெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்டில்தான் இருந்தது. பி.எச்.பி.யில் தேடியதில் ஒன்று கிடைத்தது. அதை எழுதியவர் தாம் இப்போது கோழிப்பண்ணை வைத்திருப்பதாகவும், தொந்தரவு செய்ய வேண்டாமென்றும் எழுதியிருந்தார்.

அப்போதுதான் பிரதாப் அந்தக் குறுக்குப் பாதையைக் கண்டுபிடித்தான். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்குப் பெயர்ச்சீட்டு மாற்றி ஒட்டி, கம்போசர் வழியாகவே இறக்கித் தரும் ஒரு களஞ்சியம் இணையத்தில் இருந்தது. தம்பி கடைச் சாமானுக்கு அண்ணன் கடைச் சாக்கு. வெளியே பார்த்தால் எல்லாம் பி.எச்.பி. முதலாளிக்கும் பாதகமில்லை, துரைக்கும் பாதகமில்லை.

அறுநூற்றுச் சொச்சம் பேர் வந்தது அந்தச் சாக்கில்தான்.

பில் நின்றதும் கீழே வரிசை நீண்டது. கடுகடுத்த நாலு பேர் சீமெந்து மூட்டையைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குள் போனார்கள். முதலாளி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரதாப் படியிறங்கி ஓடி வந்தான்.

"மன்னிச்சுக்கங்க முதலாளி. கஸ்டமரெல்லாம் அந்தப் பக்கம் போறாங்க."

"போனாப் போறான் விடு," என்றார் முதலாளி. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "நாசமாப் போறவன்!" என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

பிரதாப் அந்த அறுநூற்றுச் சொச்சம் பேரையும் தன் மடிக்கணினிக்கு மாற்றினான். பில் ஓடியது. வரைபடம் ஓடவில்லை.

காரணம் குடும்ப வழக்கம். ஜாவாஸ்கிரிப்ட் வீட்டில் ஆளுக்கொரு உலை. ஒருவன் பழைய அரிசி தின்பான், இன்னொருவன் புது அரிசி தின்பான், யாரும் கேட்க மாட்டார்கள். பி.எச்.பி. வீட்டில் எல்லோருக்கும் ஒரே உலை. வந்தவர்களில் ஒரு பேக்கேஜ் தனக்கு ஒரு துண்டின் ஒன்றாம் பதிப்புத்தான் வேண்டுமென்றது. இன்னொன்று இரண்டாம் பதிப்பு இல்லாவிட்டால் பந்தியை விட்டு எழுந்து போவேன் என்றது. கம்போசர் சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பிரதாப் ஒரு மதியம் முழுக்கச் சமாதானம் பேசினான். பிறகு அலுத்துப்போய், ஒன்றாம் பதிப்பின் நெற்றியில் 'இதுவே இரண்டாம் பதிப்பு' என்று எழுதி ஒட்டினான். அப்படி ஒட்டுவதற்குக் கம்போசரிடம் சட்டப்படியே இடமுண்டு. யாரும் மறுக்கவில்லை. வரைபடம் திறந்தது.

முதலாளி மேலே ஏறி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"இது என்னா, வெறும் வெள்ளையா இருக்கு?"

பிரதாப் பார்த்தான். பதிப்பு மாறியதில் அட்சரேகை இருக்கும் இடத்தில் தீர்க்கரேகை போய் உட்கார்ந்துவிட்டது. குயில்மலைத் தோட்டம் வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு பனிப்பாறை மேல் இருந்தது.

"பனிங்க முதலாளி," என்றான்.

முதலாளி தலையசைத்தார். "அந்தப் பக்கம் காலையில அப்படித்தான் இருக்கும். மத்தியானத்துக்கு மேல ஒருக்கா தொறந்து பாரு, விலகியிருக்கும்."

அவர் திரும்பிப் போகும்போதுதான் திரையின் ஓரத்தில் பட்டியல் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் மூன்று ஆங்கில எழுத்து. முதலாளி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

"என்... பி... எம். பிரதாப்பு, இதை நான் எங்கயோ கேட்டிருக்கேனே. அந்தப் பக்கத்துச் சாமான் இல்ல?"

பிரதாப்பின் கண்ணுக்குள் வெள்ளவத்தை மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.

"இல்லீங்க முதலாளி. இது நுவரெலியா பிளான்டேசன் மேப்புங்க. சுருக்கி எழுதியிருக்கு."

"நுவரெலியா பிளான்டேசன் மேப்பு!" முதலாளி அதை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்தார். "அந்த ஆளுகிட்ட இது இருக்கா?"

"எப்படிங்க இருக்கும்?"

பொய் சொல்லுகிறவன் சின்னதாகச் சொல்ல வேண்டும். பெரியதாகச் சொன்னால் கேட்கிறவன் அதை விற்கப் பார்ப்பான். முதலாளி கீழே போய்ப் பத்து நிமிடத்தில் போன் பேசும் சத்தம் மேலே கேட்டது.

"ஆமாங்க துரை! என்.பி.எம். நம்மகிட்டதான் இருக்கு! உங்க தோட்டம் மட்டுமா? திம்புள்ள முழுக்கக் காட்டுறேனே! வெள்ளிக்கிழமை! பிரதாப்பு இருக்கானே, புயலு!"

புயல் மேசையில் தலையை வைத்துக்கொண்டது.

கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு கடைக்கும் தனித்தனிப் படிக்கட்டு. இரண்டும் ஒரே முற்றத்தில் இறங்கும். அம்மாக்கண்ணு என்ற பெண் இரண்டு பக்கமும் கூட்டித் துடைத்து, இரண்டு பக்கமும் தேத்தண்ணி ஊற்றுகிறவள். அண்ணன் படிக்கு ஒரு விளக்குமாறு, தம்பி படிக்கு ஒரு விளக்குமாறு என்பது கடை விதி. பிரதாப் இறங்கி வந்தபோது டிலானி எதிர்ப்படியில் உட்கார்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னாண்ணே, வாட்டப் போட்ட கொழுந்து மாதிரி இருக்கு மூஞ்சி?"

"மெதுவாப் பேசு. உங்கிட்ட பேசுறதைப் பாத்தா எனக்கு வேலை இல்ல."

"எனக்கு மட்டும் மாலை போடுவாங்களா?"

அம்மாக்கண்ணு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றாள். "நான் ஒண்ணையும் பாக்கல்ல சாமி. நான் இந்தப் பக்கம் கூட்டிக்கிட்டிருக்கேன்."

பிரதாப் தலையும் வாலுமாகச் சொன்னான். அறுநூறு பேர், ஒரே உலை, வடதுருவம், நுவரெலியா பிளான்டேசன் மேப்பு. டிலானி சிரிக்கவில்லை. சிரிக்கிற தெம்பு அவளுக்கும் இல்லை.

"அறுநூறு பேரை ஏண்ணே தனித்தனியா நடத்திக் கூட்டியாறீங்க? எல்லாத்தையும் கொதிக்க வச்சு ஒரே பொட்டலமாக் கட்டி நானே போட்டு வச்சிருக்கேன். அதை மட்டும் உங்க கம்போசரை எடுக்கச் சொல்லுங்க. திம்புள்ள முழுக்க இருக்கு."

"உனக்கு எதுக்குத் திம்புள்ள?"

"எங்க சின்ன முதலாளியும் அதே துரைக்கு விலை போட்டிருக்காருல்ல."

"அப்ப நான் ஜெயிச்சா நீ தோத்துருவே."

"நீங்க ஜெயிச்சா எனக்கு அந்த வேலை இல்லண்ணே. ஞாயித்துக்கிழமை தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிப்பேன்." ரோல்ஸின் கடைசித் துண்டை வாயில் போட்டாள். "ஆனா சும்மா தரமாட்டேன். உங்ககிட்ட வரி போட்டு பில் அடிக்கிற துண்டு ஒண்ணு இருக்காமே, அது வேணும். எங்காளு பி.எச்.பின்னு சொன்னாலே வாயைக் கழுவச் சொல்லுறாரு. நான் அதுக்கு ஜாவாஸ்கிரிப்ட்டு உடுப்பு மாட்டி உள்ள கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

"நீயுமா?"

"வேற என்னா செய்ய? ரெண்டு பேரு கோவத்துக்கு ஒரே சாமானை ரெண்டு தடவை எழுத நமக்கு என்னா பேயா புடிச்சிருக்கு?"

கொடுக்கல் வாங்கல் அங்கேயே முடிந்தது. எழுந்தவள் திரும்பி நின்றாள்.

"ஒண்ணு சொல்லுறேன் கேட்டுக்கங்க. எத்தனாம் பதிப்புன்னு நம்பரைக் குறிச்சு எடுங்க. 'இருக்கிறதுல புதுசு எதுவோ அதைத் தா'ன்னு எழுதி வச்சிராதீங்க. நான் அடிக்கடி மாத்துவேன்."

"சரி சரி," என்றான் பிரதாப்.

மேலே போய் உட்கார்ந்தான். பதிப்பு எண் ஏழு இலக்கம் நீளமாக இருந்தது. நட்சத்திரக் குறி ஒன்றைப் போட்டால் போதும், இருப்பதில் புதியது தானாக வரும். அவன் நட்சத்திரத்தைப் போட்டான். ஏழு இலக்கம் அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்று காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் தெரியும்.

வரைபடம் திறந்தது. திம்புள்ள திம்புள்ளயில் இருந்தது. மலைகள் பச்சையும் மஞ்சளுமாக மின்னின. முதலாளி பார்த்துவிட்டு, "பனி விலகிருச்சு பாத்தியா, நான் சொல்லல?" என்றார்.

வெள்ளிக்கிழமை வேனில் போனார்கள். முதலாளி பட்டு வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக முன்னால் உட்கார்ந்திருந்தார். குயில்மலைத் தோட்ட ஆபீசில் பெரிய துரை, சின்ன துரை, பெரிய கிளாக்கர் மூவரும் காத்திருந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடும் கருவியையும் வைத்திருந்தார்கள். விளக்கை அணைக்குமுன் பிரதாப் மடிக்கணினியைத் திறந்து பார்த்தான், எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததால் பயம் வந்தது. சும்மா ஒருமுறை புதுப்பித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு கட்டளை கொடுத்தான்.

இந்தத் தொழிலில் நாசமாய்ப் போனவர்களை விசாரித்துப் பார்த்தால், எல்லோரும் கடைசியாகச் சொன்ன வார்த்தை 'சும்மா ஒருமுறை' என்பதாகத்தான் இருக்கும்.

அன்று காலை ஹட்டனில் யோகராஜா முதலாளி டிலானியிடம் ஓர் ஆசையைச் சொல்லியிருந்தார். வரைபடத்தில் தன் போட்டோ வர வேண்டும், எலெக்சன் போஸ்டர் மாதிரி. அவள் போட்டுக் கொடுத்தாள். அதுதான் இருப்பதில் புதியது.

விளக்கை அணைத்தார்கள். சுவரில் திம்புள்ள விரிந்தது. திம்புள்ளக்கு நடுவில், கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட அகலத்தில், சந்தனப் பொட்டோடு யோகராஜா முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கடைப் பெயரும் போன் நம்பரும்.

பிரதாப் பாய்ந்து சுவருக்கு முன்னால் நின்று மறைத்தான். அவன் அன்று விசேஷத்துக்கென்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். யோகராஜா முதலாளி இப்போது அவன் நெஞ்சில் சிரித்தார். முன்னைவிடத் தெளிவாக இருந்தார்.

"பிரதாப்பு," என்றார் சண்முகராஜா முதலாளி, "திரும்பி நில்லு."

திரும்பி நின்றான். முதுகில் சிரித்தார்.

பெரிய துரை மெல்ல எழுந்து விளக்கைப் போட்டார். ரொம்ப காலம் மலையில் இருந்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார்.

"என்ன சண்முகராஜா? மூணு கொட்டேசன் இல்லாம கொழும்பு ஆபீஸ் சல்லி விடாதுன்னு மூணு கடையில வெல கேட்டேன். உங்க கடை, உங்க தம்பி கடை, கினிகத்தேனையில ஒரு கடை. நீங்களும் தம்பியும் ஜென்ம விரோதின்னுதானே ஊரே சொல்லுது? அப்ப உங்க மெஷின்ல அவர் மூஞ்சி எப்படி வந்துச்சு?"

அறையில் பென்சில் விழும் சத்தம் கேட்டது. பெரிய கிளாக்கருடைய பென்சில்.

சண்முகராஜா முதலாளி எழுந்தார். முகம் சிவந்தது, உதடு துடித்தது, துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்தது.

"ஐயோ துரை! மோசம் போயிட்டேனே! என் சோத்தைத் தின்னுக்கிட்டு என் எதிரிக்கு உளவு பாத்திருக்கான் துரை இந்தப் பய! அவன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு நான் தேரைக்கூட இடது பக்கமா நின்னு இழுக்கிறவன்! டேய், எந்திரிச்சுப் போடா! இப்பவே போ! இனிமே என் கடை வாசல்ல உன் நெழலு விழக்கூடாது!"

"முதலாளி, நான் சொல்லுறதை ஒருக்கா..."

"பேசாத! துரோகி!"

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்ன துரை தண்ணீர் கொண்டு வந்தார். பெரிய துரையின் மனம் இளகிவிட்டது. முதலாளியின் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"பாவம் மனுசன். நீங்க ரெண்டு பேரும் கூட்டு சேந்து வெல போட்டீங்களோன்னு என் மனசுல ஒரு சந்தேகம் வந்துச்சு, அது இப்பப் போயிருச்சு. நீங்க உக்காருங்க சண்முகராஜா. ஓடரு உங்களுக்குத்தான். வேற நல்ல ஆளாப் பாத்துப் போட்டுச் செஞ்சு குடுங்க."

பிரதாப் மெயின் ரோட்டுக்கு நடந்து இறங்கி பஸ் பிடித்தான். தூறல். உட்கார இடமில்லை. கம்பியில் ஒரு கையும் போனில் ஒரு கையுமாக நின்றான்.

"சர்மி, வேலை போயிருச்சு."

"எந்த வேலை?"

"எத்தனை வேலை வச்சிருக்கேன் நான்?"

அந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது.

"அப்ப கொழும்புக்கா?"

"வேற எங்க?"

"அறையில அதே ஆளுங்கதான் இருக்காங்களா?"

"ரெண்டு பேரு மாறியிருக்காங்களாம். மின்விசிறி அதேதான்."

அவள் பிள்ளைகளை அடுத்த வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள்.

"சரி," என்றாள் சர்மிளா. "ரைஸ் குக்கரை நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. நான் ஒரு ஆளுக்கு அடுப்புலயே வச்சுக்கிறேன்."

அவள் அழுதிருந்தால் பிரதாப் தைரியமாக ஏதாவது சொல்லியிருப்பான். ரைஸ் குக்கருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கொட்டகலை தாண்டும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தான். அவள் எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.

கடைக்குத் திரும்பியபோது முதலாளி அவனுக்கு முன்பே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிரதாப்பின் சார்ஜரையும் மழைக்கோட்டையும் வீதியில் எறிந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"போடா! போயி அந்தப் பக்கத்துக் கடைக்காரனுக்கே கூஜா தூக்கு!"

ஆட்கள் கூடினார்கள். காய்கறிக் கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்து பார்த்தார். அதே நேரத்தில் பக்கத்து வாசலிலிருந்தும் ஒரு கூச்சல் கேட்டது. ஹட்டன்காரர்கள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நடுச்சுவரைப் பார்த்தார்கள்.

மேல்மாடியில் இன்னும் அவனுடைய குவளை இருந்தது. முன்வாசல் வழியாகப் போக முடியாது. பிரதாப் சந்து வழியாகப் பின்முற்றத்துக்குப் போனான். எதிர்ப்படியில் டிலானி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உனக்கும் போயிருச்சா?"

"அந்த பில் துண்டு, உங்களதுண்ணே. இன்னொரு தோட்டத்துக் கிளாக்கரு நின்னுக்கிட்டிருக்கிறப்ப எங்காளு பெருமையா ஒரு பில் அடிச்சாரு. மேல கொட்டை எழுத்துல 'சண்முகராஜா ஹார்ட்வெயார்'னு வந்துச்சு. நீங்க கடைப் பேரை உள்ளேயே எழுதி வச்சிருக்கீங்களா?"

"அலுப்புல எழுதியிருப்பேன்."

"நான் நம்பரைக் குறிக்கச் சொன்னேனே, குறிச்சீங்களா?"

"இல்ல. அலுப்பு."

வீதியில் கூட்டம் கலைந்து இருட்டும் வரை இரண்டு பேரும் அவரவர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கும் நாளைக்கு வேலை இருக்கிறது என்ற நம்பிக்கை கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

"கொழும்புல பொம்பளைப் புள்ளைங்களுக்கு ரூம் கிடைக்குமாண்ணே?"

"கிடைக்கும். மின்விசிறி இருக்கான்னு கேட்டுக்க."

பின்பக்கத்துச் சாமான் அறைக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து கருவாட்டுக் குழம்பு வாசமும், ஆண்கள் சிலர் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தமும் வந்தன. அம்மாக்கண்ணு மூன்று எச்சில் தட்டுகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். இருவரையும், அவர்கள் பைகளையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?"

"கொழும்புக்குதான் அம்மாக்கண்ணு," என்றான் பிரதாப். "வேற வழி?"

"கொழும்புக்கா?" அம்மாக்கண்ணு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: "விடியக்காலையில நீங்க சின்னவரு பக்கம் வேலைக்கு ஏறணும், இந்தப் புள்ள பெரியவரு பக்கம் ஏறணும்னு அண்ணன், தம்பி, கினிகத்தேனைக் கடை மச்சான் மூணு பேரும் உள்ள ஒண்ணா உக்காந்து சோறு தின்னுக்கிட்டே முடிவு பண்ணிட்டாங்க சாமி. இவங்க ஊருக்கு முன்னால சண்டை போடாட்டி, துரைமாருக்கு மூணு கொட்டேசன் யாரு குடுக்கிறது?"